லாஸ்டிக் அண்ணாச்சி

அன்று நடந்தவை, நடந்த வரிசையில்:

1. சங்கு அளக்கும் பலகைக்காரர் வேலைக்கு வரவில்லை. ஆள் அனுப்பிச் சொல்லவும் இல்லை.

2. பிற்பகல் காற்றில் தோணிகள் சங்கோடு கரைக்கு வந்தன. கொட்டகையில் அளக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அளந்தேன்.

3. சவேரி என்ற குளியாள் கடலுக்குள் முங்கி எடுத்து வந்த சங்கில் பாதிக்கு மேல் அளவைவிடச் சிறியதாக இருந்தது. அளவு வளையத்தின் வழியே கீழே விழுந்தது.

4. விழுந்த சங்கைக் காவல் தோணி எடுத்துப்போய்க் கடலில் விட்டுவிட்டது.

5. பொழுது சாயும் நேரத்தில் பலகைக்காரர் ஆறுமுகநேரியிலிருந்து கருப்பட்டி நிறைந்த ஓர் ஓலைக் கொட்டானுடன் வந்து சேர்ந்தார்.

6. கொட்டானைத் திறந்து எல்லோருக்கும் நீட்டினார். யாரும் எடுக்கவில்லை.

இவற்றில் எதுவுமே சிக்கலானதல்ல. ஆனாலும் அந்த நாளும் மறுநாளும் நினைவுக்கு வந்தால் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. எழுந்து போய் ஏதாவது ஒரு கருவியைத் துடைக்கத் தொடங்கிவிடுகிறேன். காரணம் அந்தப் பலகைக்காரர். அவர் நல்லவரா என்று கேட்டால் ஆம் என்பேன். நம்பத் தகுந்தவரா என்று கேட்டால் எழுந்து போய்விடுவேன்.

அது யுத்த காலம். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வடக்கே, சங்குக் குத்தகை எடுத்த ஒரு முதலாளியின் ஓலைக் கொட்டகை இருந்தது. அவரிடம் அளவு பார்த்தவர்களில் இருவர் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள். நான் சென்னையில் இயந்திரப் படம் வரையவும் அளவுக் கருவிகளைக் கையாளவும் பயின்றுவிட்டு, வேலைக்கு எடுப்பாரில்லாமல் வீட்டில் இருந்தேன். ஆள் கிடைக்காத நெருக்கடியில் முதலாளி என்னை எடுத்துக்கொண்டார். குளியாட்கள் என்னை 'அளவுக்கார அம்மா' என்றார்கள். பலகைக்காரர் மட்டும் முதல் நாளிலிருந்தே 'தங்கச்சி'.

சங்கு அளப்பது எளிய வேலை. கனத்த பலகை ஒன்று, அதன் நடுவே வட்டத் துளை. சங்கைத் துளையில் விடவேண்டும். தாங்கி நின்றால் முதலாளிக்கு, கொண்டுவந்த குளியாளுக்குக் காசு. விழுந்தால் கடலுக்கு, அது இன்னும் வளரவேண்டியது. எளிது என்று சொன்னேன், ஆனால் சங்கு உருண்டையல்ல. ஒரு பக்கம் வயிறு தள்ளியிருக்கும். நேராக விட்டால் விழுகிற சங்கு, விரல் நுனியால் ஒரு சுண்டு சுண்டிச் சாய்த்து விட்டால் விளிம்பில் தொற்றிக்கொண்டு நிற்கும்.

அந்தச் சுண்டுதான் அவர்.

அவர் பெயரைக் கரையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. லாஸ்டிக் அண்ணாச்சி என்றே எல்லோரும் அழைத்தார்கள். முன்பு ஒரு பஞ்சு பிரஸ்ஸில் வேலை பார்த்தபோது அங்கிருந்த துரை அவரைப் பார்த்து, "யூ ஆர் எலாஸ்டிக்" என்றாராம். அது பாராட்டா, வசவா என்று இவருக்குப் பிடிபடவில்லை.

"துரை சிரிச்சுக்கிட்டுச் சொன்னாரா, கோவமாச் சொன்னாரா?" என்று கேட்டேன்.

"துரைமாரு ரெண்டுக்கும் ஒரே மூஞ்சிதான் வச்சிருப்பாவ, தங்கச்சி."

ஆகவே ஊரில் விசாரித்தார். தையற்காரர் ஒரு பழைய நாடாவை இழுத்துக் காட்டி, இது ஒல்லியானவனுக்கும் ஆகும், தொப்பைக்காரனுக்கும் ஆகும் என்றார். பள்ளிக்கூடத்து வாத்தியார், மனம் இளகியவன் என்று பொருள் சொன்னார். கோர்ட்டுக் குமாஸ்தா ஒருவர், சட்டத்தை வேண்டிய பக்கம் இழுக்கிறவன் என்று சொல்லிக் கண்ணடித்தார். "மூணு பேரு மூணு சொன்னாவ. யோசிச்சுப் பாத்தேன். மூணும் நாந்தான்" என்று இவர் மூன்றையும் வைத்துக்கொண்டார்.

சொல் அவரோடு நிற்கவில்லை. கரை முழுவதும் பரவியது. குளியாட்கள் தோணியிலிருந்து இறங்கும்போதே, "இன்னைக்கு லாஸ்டிக் உண்டுமா?" என்பார்கள், பலகையில் அவர்தான் இருக்கிறாரா, கை தாராளமாக இருக்கிறதா என்று பொருள். யார் கையை நீட்டினாலும் தாவுகிற குழந்தையைக் குழாயடிப் பெண்கள் லாஸ்டிக் என்று கொஞ்சினார்கள். வேலை முடியாமல் இழுத்தால் முதலாளி, "என்னவே லாஸ்டிக்கா இழுக்க?" என்று அதட்டினார்.

என்னிடமும் ஒரு நாள் கேட்டார். "நீ படிச்ச படிப்புல இதுக்கு என்ன சொல்லுதாவ?"

"இழுத்தா நீளணும். விட்டா பழைய அளவுக்கே திரும்பி வரணும், அண்ணாச்சி. வராட்டி அது எலாஸ்டிக் இல்ல."

"எவ்வளவு இழுத்தாலும் வருமா?"

"வராது. ஒரு எல்லை உண்டு. தாண்டிட்டா நீண்டபடியே நின்னுரும். இல்லாட்டி அறுந்துரும்."

"அந்த எல்லை எங்கன இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"ஒரு துண்டை எடுத்து, அறுந்து போற வரைக்கும் இழுத்துப் பாப்பாங்க."

"அடப்பாவமே! அந்தத் துண்டு யாரு குடியக் கெடுத்துச்சாம்?" என்றார். அதற்குமேல் கேட்கவில்லை. இந்த நான்காவது பொருள் அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

பெரிய உடம்பு அவருக்கு. ஆனால் பெஞ்சில் எப்போதும் பாதி இடத்தில்தான் உட்காருவார். மீதி, வரப்போகிற யாருக்கோ. கடையில் டீயா காப்பியா என்று கேட்டால், "எது கொதிக்கோ அது" என்பார். பனங்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர். திருச்செந்தூருக்கு முடி இறக்குவார், இங்கே மாதா கோயில் தேருக்கு மெழுகுவர்த்தியும் நேர்ந்துகொள்வார். கேட்டால், "ரெண்டு பேரும் ஒரே கடக்கரைதான? பேசிக்கிடுவாவ." குண்டுவீச்சுக்குப் பயந்து இருட்டடிப்பு உத்தரவு வந்தபோது கொட்டகை விளக்கைப் பாதி மட்டும் கறுப்புத் துணியால் மூடினார். விளக்குகளைச் சோதிக்க வந்த வார்டன் தலையில் அடித்துக்கொண்டார். "முழுசா மூடுனா நம்ம சனம் முட்டி மோதும். மூடாட்டி சப்பான்காரன் பாத்துருவான். பாதி மூடுனா ரெண்டு பேருக்கும் மனத்தாங்கல் இல்ல பாருங்க" என்று அவருக்குப் பொறுமையாக விளக்கினார்.

வேடிக்கையாகத்தான் இருக்கிறது. நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அடுத்ததையும் சொல்லவேண்டும். ஒரே இடத்தில் வலை உலர்த்த இரண்டு வீட்டாருக்குள் தகராறு. இரு தரப்பும் தனித்தனியாக அவரிடம் வந்தது. இரண்டு பேரிடமும், "உமக்குத்தான், போட்டுக்கிடும்" என்றார். மறுநாள் காலை இரண்டு வலையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. பெண்கள் மயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். இவர் ஓடிப்போய் விலக்கினார். இரு தரப்புக்கும் வேறு இடம் காட்டுவதாக வாக்குக் கொடுத்தார். காட்டியதும் ஒரே இடம்தான்.

சிறு சங்குக்குக் காசு கொடுக்க விரும்பாத முதலாளி வந்து நிற்கும்போது அதே விரல் மறுபக்கம் சுண்டும். நிற்க வேண்டிய சங்கும் விழும். ஒரு நாள் சோதித்துப் பார்த்தேன். தாங்கி நின்ற ஒரு சங்கில் பென்சிலால் சிறு குறி போட்டுவைத்தேன். மறுநாள் முதலாளி வந்த நேரத்தில் அதே சங்கை எடுத்து நீட்டினேன். விழுந்தது.

"அண்ணாச்சி, நேத்து இது நின்னுச்சே?"

சங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெயில்ல காஞ்சுருக்கும்லா. சுருங்கிருக்கும்."

"சங்கு சுருங்குமா?"

"மொதலாளியப் பாத்தா மனுசனே சுருங்குதான். சங்கு சுருங்காதா?" என்று மெதுவாகச் சொன்னார். அவர் என்னை ஏமாற்ற முயலவில்லை. அவர் முன்னால் நிற்பவர் யாரோ, அவருக்கு வேண்டியது நடந்துவிட வேண்டும். அந்த நேரத்துக்கு அவ்வளவுதான் உலகம். ஒருவர் போய் அடுத்தவர் வந்தால் உலகமும் மாறிவிடும்.

அவர் மனைவி கொட்டகைக்கு எதிரே பனங்கிழங்கும் கடலையும் விற்றாள். மதினி என்று எல்லோரும் கூப்பிட்டாலும் கரையில் அவளைக் கண்டால் பயம். காலிக் கையோடு கேட்பவனுக்கு ஒரு கடலைகூடத் தரமாட்டாள். அவளிடம் ஒரு முறை, "அண்ணாச்சி யாரையும் மறுத்துப் பேசமாட்டாரா மதினி?" என்று கேட்டுவிட்டேன்.

"அந்த மனுசன் வாயில இல்லைங்கிற சொல்லு வராதும்மா. வெளிய ஒருத்தருக்கும் சொல்லாத இல்லையெல்லாம் எங்க போவுது? வீட்டுக்குத்தான வருது! அவரு ஊருக்கெல்லாம் கொடுத்துட்டு வந்த வாக்க நான் வாசல்ல நின்னு திருப்பி வாங்குதேன். 'அவரு சொன்னாருல்லா மதினி'ம்பான். 'அவரு சொல்லுவாரு, போலே'ம்பேன். அவரு தங்கமான மனுசன். நான் ராட்சசி." கடலையைப் புடைத்துக்கொண்டேதான் சொன்னாள். முறம் நின்றபாடில்லை.

அந்தப் பருவத்தின் கடைசி வாரத்தில் முதலாளி ஒரு உத்தரவு போட்டார். சின்னச் சங்கையெல்லாம் அள்ளுகிறார்கள், இப்படியே போனால் கடலில் ஒன்றும் மிஞ்சாது என்று மேலே புகார் போயிருந்தது. குத்தகை கைவிட்டுப் போகுமோ என்ற பயம் அவருக்கு. ஆகவே, எவன் கொண்டுவந்ததில் பாதிக்கு மேல் விழுகிறதோ அவனுக்கு அடுத்த பருவம் தோணியில் இடமில்லை. ஒரு முதலாளி தள்ளிய குளியாளை இன்னொருவர் எடுப்பது எங்கள் கரையில் வழக்கமில்லை. இடம் போனால் தொழில் போயிற்று.

சவேரிக்கு அந்த வாரம் காதில் சீழ். ஆழத்தில் முங்கினால் வலி மண்டையைப் பிளக்கும். வீட்டில் கைக்குழந்தை, முங்குவதைத் தவிர வேறு வேலை அறியாத குடும்பம். போகாமல் இருந்தாலும் இடம் போய்விடும் என்று அவனுக்குப் பயம். உண்மையில் ஒரு நாள் வராதவனை முதலாளி நீக்கியதில்லை. அதை எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியவர் பலகைக்காரர். பலகைக்காரர் வராமல் போன நாளுக்கு முந்திய மாலை அவன் அவரிடம் வந்து நின்றதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காது தாங்கல அண்ணாச்சி. ஆழமான தூர மணலுக்குப் போக முடியாது. கிட்ட மணல்ல முங்கட்டுமா? அங்கன பூராவும் சின்னதாத்தான் கெடக்கும்."

"முங்குலே. பலகையில நாந்தான இருக்கேன்?"

"உத்தரவு போட்டிருக்காவள்லா?"

"நான் பாத்துக்கிடுதேன்லே. போய்க் காதுக்கு எண்ணெய் விட்டுட்டுப் படு."

அவன் அந்தப் பக்கம் போகவும், இந்தப் பக்கம் ஆறுமுகநேரியிலிருந்து அவருடைய மருமகன் சைக்கிளில் வந்து இறங்கினான். உப்பளப் பாத்தி பிரிப்பதில் வீட்டில் சண்டை; நாளைக்கு மாமா வந்தால்தான் பேச்சு நடக்கும் என்றான்.

"வாரேன்லே, வராம இருப்பனா?" என்றார்.

இரண்டு வாக்கும் ஒரே மூச்சில். காலையில் போய்விட்டுத் தோணி கரைக்கு வருமுன் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருப்பார். அங்கே பேச்சு நீண்டிருக்கும். எழுந்தவரை யாராவது, "இன்னும் செத்த நேரம் இரும்" என்று கையைப் பிடித்திருப்பார்கள். இருந்திருப்பார்.

மறுநாள் நான் அளந்தேன். பலகைத் துளையின் விளிம்பு மழுங்கியிருந்ததால் அதே அளவில் துறைமுகப் பட்டறையில் ஒரு பித்தளை வளையம் கடைந்து வைத்திருந்தோம். அதில் அளந்தேன். சவேரிக்கு முன் வந்தவர்களுக்கும் நேராகத்தான் விட்டேன். அவன் முறை வந்ததும் முதல் சில சங்குகள் கீழே கூடையில் விழுந்தன.

"அம்மா, கொஞ்சம் சாய்ச்சு விடுங்க."

"சாய்க்க மாட்டேன், சவேரி."

"அண்ணாச்சி சாய்ப்பாரு."

"அவர் வரலை."

அதன்பிறகு அவன் என்னோடு பேசவில்லை, சங்கையும் பார்க்கவில்லை. ஒவ்வொன்று விழும்போதும் திரும்பி, ஊருக்குள்ளிருந்து வரும் பாதையைப் பார்த்தான். பாதையில் உப்பு மூட்டை வண்டிகள் போயின. ஆட்டு மந்தை ஒன்று போனது. கூடை நிறைந்தது. உயிரோடு திரும்பவேண்டிய சங்கு, அதனால் தாமதிப்பதில்லை. காவல் தோணிக்காரர்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கருப்பட்டிக் கொட்டானோடு அவர் வந்தபோது சவேரி மணலில் குந்தியிருந்தான். நீட்டிய கொட்டானை விலக்கினான்.

"நீரு பலகையில இருப்பேன்னு சொன்னீரா, சொல்லலையா?"

"சொன்னேம்லே."

"எங்க இருந்தீரு?"

"இப்ப வந்துட்டம்லா."

யாரோ ஒருவர் பின்னாலிருந்து கெக்கலித்தார். சவேரி எழுந்தான். "ஒரே ஒரு நாளு, 'முடியாதுலே, வீட்டுல கெட'ன்னு சொல்லியிருந்தா நான் கெடந்திருப்பேன். எங்க அப்பன் சொல்லியிருப்பான். இந்த அம்மா சொல்லுவாவ. உமக்கு மட்டும் வாயி வராது. உம்மால போச்சு என் இடம்."

அவர் என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, இன்னொரு தரம் நாம போட்டுப் பாப்பமா?"

"விழுந்ததெல்லாம் கடலுக்குப் போயிருச்சு அண்ணாச்சி."

கடலைப் பார்த்தார். யாரிடமாவது சொல்லித் திரும்ப வாங்கிவிடலாம் என்பதுபோல் வெகுநேரம் பார்த்தபடி நின்றார்.

மறுநாள் காலை முதலாளி குதிரை வண்டியில் வந்தார். சவேரியும் மற்றவர்களும் வாசலில் நின்றார்கள். விவரம் கேட்டுவிட்டு, "அவன நீக்கிருங்க" என்றார். பலகைக்காரர் தொண்டையைக் கனைத்தார். "வளையம் கொஞ்சம் பெருசோ என்னமோ, மொதலாளி." என்னைப் பார்க்காமல் சொன்னார். நான் அளவுக் கருவியை எடுத்து வளையத்தின் உள்ளே வைத்துக் காட்டினேன். பலகைக்காரர் குனிந்து பார்த்தார். "ஆமா, சரியாத்தான் இருக்கு" என்றார். இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. எனக்கு முதல்முறையாக அவர்மீது கடுங்கோபம் வந்தது.

அப்போதுதான் அவர் மனைவி உள்ளே வந்தாள். முறம் கையில் இல்லை.

"அண்ணாச்சி, ஒரு பேச்சு" என்றாள் முதலாளியிடம்.

"என்ன தாயி?"

"அந்தப் பயலக் கிட்ட மணல்ல முங்கச் சொன்னது இந்த மனுசன். பாத்துக்கிடுதேன்னு சொன்னதும் இந்த மனுசன். சொல்லிப்போட்டு ஊருக்குப் போனதும் இந்த மனுசன்தான். ஆள நீக்கணும்னா சரியான ஆளப் பாத்து நீக்குங்க."

முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஒன் வீட்டு அடுப்புல நீயே தண்ணி ஊத்துதியே?"

"அடுப்பு எனக்குள்ளது. நான் பாத்துக்கிடுதேன்."

முதலாளி அவர் பக்கம் திரும்பினார். "நீரு என்னவே சொல்லுதீரு?"

எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் மனைவியைப் பார்த்தார், சவேரியைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். அந்த வரிசையில்தான், நான் கவனித்தேன்.

"அவ சொன்னா சரியாத்தான் இருக்கும், மொதலாளி" என்றார்.

ஒருவன் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டான். முதலாளி வளையத்தை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். பிறகு, "சரி. பய இருக்கட்டும். நீரு போம்" என்றார். இவர் பலகையை எடுத்துத் தூணில் சாய்த்து வைத்தார். துண்டால் கையைத் துடைத்தார். வாசலில் நின்றவர்கள் விலகும்வரை பொறுத்திருந்து, வெளியே போனார். சவேரி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் அவன் தோளைத் தட்டி, "காதப் பாருலே" என்றார்.

அதைப் பலவாறாக எனக்குள் எழுதிப் பார்த்திருக்கிறேன். வழக்கம்போல முன்னால் நின்றவளுக்கு வளைந்து கொடுத்தார் என்று ஒரு முறை. அந்தப் பையனுக்காகத் தெரிந்தே தன் வேலையை விட்டார் என்று ஒரு முறை. மறுத்துச் சொல்லும் சிரமத்தைவிட வேலை போகும் சிரமம் சிறியது என்று கருதினார் என்று ஒரு முறை. ஒவ்வொன்றும் சரியாகப் பொருந்துகிறது. அடுத்த நாளே பொருந்தாமல் போகிறது.

சில வாரங்கள் கழித்து, ஊரைவிட்டுப் போக மூட்டை கட்டிக்கொண்டிருந்த மதினியிடம் கேட்டேன்: "அவர் மறுத்திருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டாள். "மறுக்கட்டும்னுதானம்மா அங்கன வந்தேன். 'வாய மூடுளா, என் வேலைய எடுக்க நீ யாரு?'ன்னு ஒரு அதட்டு அதட்டியிருந்தா, அன்னைக்கு அந்த மனுசனுக்குக் கறிக்கொழம்பு வச்சிருப்பேன்." அடுத்த மூட்டையை இழுத்தாள். "சாக்கப் பிடிங்க" என்றாள்.

இப்போது யுத்தம் முடிந்துவிட்டது. முதலாளியின் குத்தகை வேறு ஒருவர் கைக்குப் போனது. நான் துறைமுகப் பட்டறையில் படம் வரைகிறேன். சவேரி அதே தோணியில் போய் முங்குகிறான்; அவனுக்கு ஒரு காது கேட்பதில்லை. அவர் ஆறுமுகநேரியில் மருமகனுடைய உப்பளத்தில் இருக்கிறார். பாத்தி இன்னும் பிரிக்கப்படவில்லை.